நெட்டைக் கன்றும் கட்டைக் கன்றும்

நாற்று வாங்கப் போகும்போது நம்மவர்கள் பெரும்பாலும் உயரத்தையே பார்க்கிறார்கள். ஒரு சாண் நெடுத்த மிளகாய்க் கன்று கிடைத்தால் மகிழ்ச்சி. நாற்று வழங்கும் சில நிறுவனங்களும் அவ்வாறே தெரிவு செய்கின்றன. இது தவறான அளவுகோல் என்பதே என் கருத்து.

விதைக்குள் இருக்கும் உணவு மிகக் கொஞ்சம். மண்ணுக்குள் இருட்டில் இருக்கும்வரை முளை அதனைத் தண்டை நீட்டுவதற்கே செலவிடுகிறது. அதன் தலை கொக்கிபோல் வளைந்திருக்கும்; வித்திலைகள் மூடி, மஞ்சளாக வெளிறியிருக்கும். வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிர்கிறது. வித்திலைகள் விரிந்து பச்சையாகின்றன. தண்டு நீள்வது குறைந்து உரம் பெறுகிறது.

இந்த மாற்றத்தை நடத்துவதில் முதன்மையானது பைற்றோகுரோம் என்னும் ஒளியுணரும் பொருள். 1952இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் சலாது விதைகளுக்கு இருவகை ஒளியை மாறிமாறிக் காட்டினார்கள். கடைசியாகச் சிவப்பு ஒளி பட்டவை பெரும்பாலும் முளைத்தன. கடைசியாக, சிவப்புக்கு அப்பாலுள்ள தூரச் சிவப்பு ஒளி பட்டவை பெரும்பாலும் முளைக்கவில்லை. ஒரே பொருள் சிவப்பு ஒளியில் விழித்து, தூரச் சிவப்பில் அடங்குகிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இதில் நமக்கென்ன? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும்; தூரச் சிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆகவே மாமரத்தின் கீழ் அமைத்த நாற்றுமேடையில் நிற்கும் கன்று, தனக்கு மேலே வேறு இலைகள் இருப்பதை உணர்ந்து, வேரையும் இலையையும் கவனியாமல் உயரத்துக்கு ஓடுகிறது. நெருக்கி விதைத்த பாத்தியில், வெட்டவெளியிலும் இதுவே நடக்கிறது. அந்த உயரத்தைச் செழிப்பு என்று எண்ணாதீர்கள், அது தவிப்பு. நட்டதும் காற்றில் சாய்வதும் வெயிலில் வாடுவதும் அத்தகைய கன்றுகளே.

"நிழலில்லாவிட்டால் கன்று கருகாதா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. முளைக்கும்வரை வைக்கோல் மூடாக்கு இடுங்கள். முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிடுங்கள். உச்சி வெயிலுக்கும் கடும் மழைக்கும் மட்டும் கிடுகுப் பந்தல் போதும். காலையும் மாலையும் திறந்துவிடுங்கள். நடுவதற்கு முந்திய ஒரு வாரம் பந்தலே வேண்டாம். தண்ணீரையும் படிப்படியாகக் குறையுங்கள். வீசி விதைக்காமல் வரிசையில் இட்டு, நெருங்கியவற்றை ஐதாக்குங்கள்.

இடம்பெயர்ந்து, இரவல் காணியில், கடன்பட்டு வாங்கிய விதையோடு தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு மேடை நாற்று அழிந்தால் ஒரு போகமே அழிந்ததாகும். ஆகையால் நாற்றுக் கொடுப்போர் கட்டையான, தண்டு தடித்த, கரும்பச்சைக் கன்றுகளையே கொடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்தாலும், வெளிறிய நெட்டைக் கன்றைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் தயங்கக் கூடாது.