இழுத்தால் போதுமா?

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் ஆகிய ஊர்களில் வசிக்கும் உங்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையில் செல்லும் நீண்ட டிரெய்லர் லாரிகள் புதியவை அல்ல. சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டு சரக்குப் பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர்ப் பகுதிகளில் தொழிற்சாலைகளும் பெருகின. அதனால் 40 அடிப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் இரவு பகலாக நம் பக்கம் ஓடுகின்றன. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், மாடம்பாக்கம் தெருக்களிலோ தண்ணீர்த் தொட்டியை இழுத்து வரும் டிராக்டர்களைக் காண்கிறோம்.

மேலைநாடுகளில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ஒரு சிறு லாரியின் பின்னே ஒரு வீட்டையே பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுவார்கள். 'கேரவன்' என்றால் நமக்குத் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அது தானே ஓடும் வண்டி. நான் சொல்வது இழுத்துச் செல்லப்படும் வீடு. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. நாளை இழுவை வீடுகளும் நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வரக்கூடும்.

இம்மூன்றிலும் எழும் கேள்வி ஒன்றே. எந்தச் சுமைக்கு எந்த இழுவண்டி பொருந்தும்? "எத்தனை குதிரைத்திறன்? இழுத்துவிடுமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். இது தவறான கேள்வி என்பது என் கருத்து. "முன்புறம் எவ்வளவு பாரம் விழும்? எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்பவையே சரியான கேள்விகள். ஏன் என்று பார்ப்போம்.

ஐந்தாம் சக்கரம்

டிரெய்லர் லாரியில் இழுக்கும் லாரி ஒன்று, இழுக்கப்படும் வண்டி ஒன்று. இரண்டையும் இணைப்பது லாரியின் பின்புறத்தில், பின் அச்சுக்கு மேலே கிடக்கும் வட்டமான எஃகுத் தட்டு. அதற்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். டிரெய்லரின் முன்புறம் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த எஃகு முளைக்குக் 'கிங்பின்' என்று பெயர். பின்னால் பிளந்திருக்கும் தட்டினுள் கிங்பின் நுழைந்ததும் தாழ் விழுந்து பூட்டிக்கொள்ளும். தட்டின் மீது பூசிய கிரீஸில் வழுக்கியபடி டிரெய்லர் இருபுறமும் திரும்பும்.

நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு வளையம் பொருத்தியிருப்பார்கள். பார்ப்பதற்கு அது ஐந்தாவது சக்கரம் போலத் தோன்றும். பெயர் அங்கிருந்து வந்தது. 1914இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், மரவணிகர் ஒருவரின் படகை ஃபோர்டு காரில் பூட்டி இழுக்க ஒரு வண்டி செய்து கொடுத்தார். முன்பக்கச் சக்கரம் இல்லாத அதற்கு 'செமி டிரெய்லர்', அதாவது அரை டிரெய்லர் என்று பெயரிட்டார். விமான மேதை கிளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் இதே முறையில் இழுவை வீடு ஒன்றை உருவாக்கினார். விமான உடலைப் போலவே எடை குறைந்த சட்டங்களால் அதைச் செய்தார். அதிர்ச்சியைத் தாங்கக் காற்றடைத்த சக்கரம் ஒன்றையே படுக்கவைத்து இணைப்பாக்கினார். விமானப்படை நிலையம் உள்ள தாம்பரத்து மாணவர்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கும்.

மாட்டுவண்டி சொல்லும் பாடம்

நம் முன்னோர் இக்கணக்கை மாட்டுவண்டியிலேயே அறிந்திருந்தார்கள். மூட்டைகளை முன்னே மிகுதியாக அடுக்கினால் 'முன்பாரம்'. நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுதியானால் 'பின்பாரம்'. ஏர்க்கால் மேலே தூக்கிக் கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி அடங்கிப் போகும். இது நெம்புகோல் தத்துவமே.

இதை இழுவை வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு வீட்டின் முழு எடை 5,000 கிலோ என்று கொள்வோம். கிங்பின்னிலிருந்து அதன் சக்கர அச்சு 6 மீட்டர் பின்னே உள்ளது. எடை மையம் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. அப்படியானால் கிங்பின் மீது விழும் பங்கு 1.2 / 6, அதாவது 20 விழுக்காடு, 1,000 கிலோ. ஐந்தாம் சக்கர வீடுகளில் இப்பங்கு பொதுவாக 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். வண்டியின் பின்முனைக் கொக்கியில் மாட்டும் சிறு டிரெய்லர்களில் 10 முதல் 15 விழுக்காடு போதும். இதற்கும் குறைந்தால் பின்பாரமாகி, வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல் நெளியத் தொடங்கும்.

இனி இழுக்கும் வண்டியைப் பார்ப்போம். அது 6 டன் இழுக்கும் என்கிறார் விற்பவர். 5 டன் வீடுதானே என்று வாங்குபவர் மகிழ்கிறார். ஆனால் அந்த வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடியது 1,200 கிலோ மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். கிங்பின் பாரம் 1,000, இணைப்புத் தட்டு 100, குடும்பத்தினர் நால்வர் 250. ஆக 1,350 கிலோ. இழுக்கும் திறன் மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துவிட்டது! பின் டயரும் வில்லும் அளவுக்கு மீறி நசுங்கும். மேலும், விற்பவர் காட்டும் எடை பெரும்பாலும் வெற்று வண்டியின் எடை. குடிநீர், எரிவாயு உருளை, பாத்திரம், துணிமணி எல்லாம் ஏறிய பின் உள்ள எடையே உண்மையான எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்கலாகாது. ஆகவே முதலில் வீட்டை முழுச் சுமையோடு நிறுத்துப் பார்க்க வேண்டும். பிறகே வண்டியைத் தேட வேண்டும்.

கொக்கியைப் பின்முனையில் வைக்காமல் அச்சுக்கு மேலே வைப்பதிலும் ஒரு நன்மை உண்டு. பின்முனையில் டிரெய்லர் பக்கவாட்டில் இழுத்தால், பின்சக்கரத்தை ஊன்றுபுள்ளியாகக் கொண்டு வண்டியின் முகத்தையே அது திருப்பிவிடும். அச்சுக்கு நேர் மேலே இழுத்தால் நெம்புகோலின் கை நீளம் ஏறக்குறைய பூஜ்யம். எனவே திருப்பும் விசையும் இல்லை.

நிறுத்துவதன் விலை

நம் சாலையில் ஓடும் இழுவை லாரிகளின் முகப்பில் 5525, 5530 போன்ற எண்களைக் காணலாம். முதல் இரண்டு இலக்கங்கள் லாரியும் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை, டன்னில். அடுத்த இரண்டை 10 ஆல் பெருக்கினால் குதிரைத்திறன். 5525 என்றால் 55 டன், 250 குதிரைத்திறன். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு அச்சு எடை விதிகள் திருத்தப்பட்டபோது, டிரெய்லர் லாரிகளின் மொத்த எடைக்கு 55 டன் உச்சவரம்பாக வைக்கப்பட்டது. எண்ணில் எடை முன்னே, திறன் பின்னே நிற்பதைக் கவனியுங்கள். அந்த வரிசையே சரி.

40 டன் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 55 லட்சம் ஜூல். நிறுத்தும்போது இதில் பெரும்பகுதியும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். 30 டிகிரியில் உள்ள தண்ணீர் ஏறக்குறைய 19 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கேனை நினைத்துக்கொள்ளுங்கள்! வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகும்.

இவ்வளவு ஆற்றலையும் இழுக்கும் லாரியே தனித்துத் தாங்க முடியாது. அதனால்தான் லாரிக்கும் டிரெய்லருக்கும் இடையே சுருள் சுருளாகக் குழாய்கள் தொங்குகின்றன. அவற்றின் வழியே அழுத்தக் காற்று சென்று டிரெய்லரின் பிரேக்குகளை இயக்குகிறது. குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இந்த அருமையான கருத்தை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இலேயே ரயிலுக்காக வகுத்துவிட்டார். எழும்பூர் செல்லும் விரைவு ரயிலைப் பாருங்கள். இழுப்பது ஓர் எஞ்சின். ஆனால் பிரேக் பிடிப்பது ஒவ்வொரு பெட்டியும்.

நம் தெருவில் என்ன நடக்கிறது?

இப்போது தண்ணீர் டிராக்டருக்கு வருவோம். 5,000 லிட்டர் தண்ணீர் 5 டன். தொட்டியும் சட்டமும் ஒன்றரை டன் என்று கொண்டால் டிரெய்லர் ஆறரை டன். டிராக்டரோ சுமார் 2 டன். தன்னைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட சுமையை அது இழுக்கிறது. மெதுவாக இழுக்கவும் முடிகிறது. ஆனால் டிராக்டரில் பொதுவாகப் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. இத்தகைய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது.

பின்சக்கரங்கள் மீது விழும் பாரம் ஒன்றரை டன், உராய்வுக் கெழு 0.6 என்று கொள்வோம். கிடைக்கும் தடை விசை 900 கிலோ எடைக்குச் சமம். அதைக் கொண்டு எட்டரை டன்னை நிறுத்த வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பிடித்த பின் நிற்கச் சுமார் 15 மீட்டர் ஆகும். எல்லாச் சக்கரங்களிலும் நல்ல பிரேக் இருந்தால் சுமார் 3 மீட்டரில் நின்றுவிடும். ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடியில் கடக்கும் ஐந்தரை மீட்டரை இரண்டோடும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒன்று தெருவின் குறுக்கே ஓடினால், 8 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

தொட்டி பாதி நிறைந்திருந்தால் ஆபத்து வேறு வகையில் வரும். பிரேக் பிடித்ததும் தண்ணீர் முன்னே பாயும். வளைவில் பக்கவாட்டில் சாயும். எடை மையம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைத்தால் இந்த அலைச்சல் பெரிதும் அடங்கும்.

"இத்தனை ஆண்டுகளாக ஓடுகிறதே, ஓட்டுநர் கைதேர்ந்தவர்" என்று சிலர் சொல்வர். கைதேர்ந்தவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார், அது உண்மை. ஆனால் உராய்வு விசையை எந்த ஓட்டுநராலும் கூட்ட முடியாது. "பிரேக் பொருத்தினால் தண்ணீர் விலை ஏறுமே" என்பது இன்னும் கனமான வாதம். குழாய் நீர் வராத தெருக்களுக்கு அந்த டிராக்டர்தான் உயிர்நாடி. அதைத் தடை செய்யச் சொல்வது நியாயமாகாது. ஆனால் பிரேக்குக்கு ஒரு முறை செய்யும் செலவு ஆயிரக்கணக்கான நடைகளில் பிரிந்துபோகும். அச்செலவை டிராக்டர்காரர் தலையில் மட்டும் கட்டாமல், தண்ணீர் வாங்கும் நாமும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு டிரெய்லரின் முன்புறத்திலும் வெற்று எடை, முழு எடை, முன்பாரம் ஆகிய மூன்றையும் தமிழில் பெரிதாக எழுத வேண்டும். தகுதிச் சான்று தரும்போது டிரெய்லரின் பிரேக்கைத் தனியே சோதிக்க வேண்டும். பிரேக்கும் தடுப்புத் தகடும் உள்ள தொட்டிகளுக்கே வேலை என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் முடிவு செய்தால், மாற்றம் விரைவில் வரும். வாங்குபவர் கேட்பதைத்தான் விற்பவர் செய்வார்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மீட்டர் அளவுகோலின் இரு முனைகளையும் இரண்டு சமையலறைத் தராசுகளின் மீது வையுங்கள். ஒரு செங்கல்லை நடுவிலிருந்து சிறிது சிறிதாக நகர்த்தி, இரண்டு தராசும் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பாரமும் பின்பாரமும் உங்கள் குறிப்பேட்டிலேயே தெரியும். சாலையில் மட்டும் சோதனை வேண்டாம். சைக்கிளில் போகும்போது டிராக்டர் டிரெய்லரைப் பிடித்துத் தொங்காதீர்கள். திரும்பும் டிரெய்லர் லாரியின் உட்பக்கத்தில் நிற்காதீர்கள். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உள்ளே வெட்டி வரும்.

உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் லாரி வாங்குவீர்கள். ஒருவர் இழுவை வீட்டில் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கே போகலாம். அப்போது விற்பவர் குதிரைத்திறனைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "அது இருக்கட்டும் ஐயா, முழுச் சுமையோடு எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேளுங்கள்.