மழை மேல் பழி போடாதீர்கள்

ஆகஸ்ட் 15 அன்று எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் 28 மண்தொட்டிகளுக்கு வர்ணம் தீட்டினார்கள். தீபாவளிக்குள் பாதி உரிந்துவிட்டது. என் பேத்தி வரைந்த கிளியில் வால் மட்டும் மிச்சம். "நான் சரியா போடல போல இருக்கு தாத்தா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கத்தில் கேட்டேன். "புதுச்சேரி சார் இது. மழை, உப்புக் காத்து. யார் என்ன பண்ண முடியும்?" என்றார்கள். 34 வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். தவறு செய்தவர் பெயரை விட்டுவிட்டு 'இயற்கைக் காரணம்' என்று எழுதும் குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே சிலவற்றை எழுதியும் இருக்கிறேன்.

நடந்தது இதுதான். காலையில் தொட்டிகளைக் கழுவி, ஈரத்தோடு பிள்ளைகளிடம் கொடுத்தோம். சிலருக்கு போஸ்டர் கலர், சிலருக்கு ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய எனாமல் டப்பா. மத்தியானம் மேலே பளபளவென்று ஒரு வார்னிஷ். சாயங்காலமே மண் போட்டு, செடி நட்டு, தண்ணீர் ஊற்றிப் போட்டோ எடுத்தாயிற்று.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உள்ளே ஊற்றும் தண்ணீர் சுவர் வழியாக வெளியே கசியும். வெளிப்பக்கத்தை வார்னிஷ் போட்டு அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? பூச்சுக்குப் பின்னால் தேங்கும், உப்பு பூக்கும், வர்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளும். எனாமல் தொட்டிகளை உரித்தது மழை அல்ல, நம் பூவாளி. போஸ்டர் கலரோ தண்ணீர் பட்டால் கரையும் சரக்கு. வீட்டுக்குள் காகிதத்துக்கு ஆனது.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிற ஊர் இது. பக்கத்திலேயே குயவர்கள் இருக்கிறார்கள். ஒருவரையாவது கேட்டோமா?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கழுவிய தொட்டியை இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துங்கள். உள்பக்கம் நீர் கசியாத பூச்சு இரண்டு கை அடியுங்கள். அல்லது செடியை பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து உள்ளே இறக்குங்கள். வெளியே பிரைமர், அதன்மேல் வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன், மெல்லிசாக இரண்டு கை. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் வெளிப்புறத்துக்கான தெளிவான அக்ரிலிக் பூச்சு. ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். ஒளிரும் ரோஸ், ஆரஞ்சு நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவியும் மண் மஞ்சளும் தாங்கும்.

அந்தப் பழைய எனாமல் டப்பா விஷயம் இன்னும் மோசம். வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது 2016இல். அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பூசினார்கள். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தைங்க விளையாட்டுதானே, நிலைக்கணுமா?" என்கிறார் ஒருவர். வேண்டாம் என்றால் கோலப்பொடி கொடுங்கள். மறுநாள் அழியும் என்று அவர்களுக்கே தெரியும். தொட்டியில் பெயர் எழுதச் சொல்லி வாசலில் வரிசையாக வைத்தது நாம்தானே?

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த மொழியில் வார்னிஷுக்கு 'வெர்னி' என்று பெயர். உள்ளே சரக்கில்லாத மேல் மினுக்குக்கும் அதே சொல்தான். அன்று நாம் அடித்தது அந்த இரண்டாவது வெர்னி.

பொங்கலுக்குப் பிறகு, மழை விட்டதும், 28 தொட்டிகளையும் சுரண்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வர்ணச் செலவில் பாதி என்னுடையது. பேத்தியிடமும் சொல்லிவிட்டேன்: கிளியில் குற்றமில்லை, குற்றம் பெரியவர்களுடையது.