ஒழுகும் இடம் வேறு, புகும் இடம் வேறு

சின்னமனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன் நான். வீட்டு ரிப்பேரை நீங்களே பாருங்கள் என்று நான் சொன்னால், கல்லாவை மனதில் வைத்துச் சொல்கிறான் என்றுதான் நினைப்பீர்கள். டெஃப்லான் டேப்பும் எம்-சீலும் விற்கிறவன் வேறு எதைச் சொல்வான்? ஆனால் நான் சொல்ல வருவது கடைக்கு வருவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலையை. அதை ஒழுங்காகச் செய்தால் பாதிப் பேர் என் கடைப் படியே ஏறவேண்டியிருக்காது.

கவுன்டருக்கு முன்னால் நிற்கிறவர்கள் நோவைச் சொல்வதில்லை. மருந்தைத்தான் கேட்கிறார்கள். “அண்ணே, மாடி ஒழுகுதுண்ணே. அந்த வெள்ளைப் பெயின்ட் ரெண்டு டப்பா குடுங்க.” எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால், ஹாலில் ஃபேன் மாட்டிய இடத்தில் என்பார்கள். அதற்கு நேர் மேலே பூசிவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் சொட்டும். பெயின்ட் சரியில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள்.

தளத்துக்குள் புகுந்த தண்ணீர் நேராகக் கீழே இறங்குவதில்லை. கான்கிரீட்டில் புதைத்திருக்கும் வயரிங் பைப் கிடைத்தால் அதற்குள் ஓடி, அந்தப் பைப் முடிகிற ஃபேன் பாக்ஸில் வந்து சொட்டும். புகுந்த இடம் எங்கேயோ கைப்பிடிச் சுவர் ஓரமாக இருக்கும், இல்லையென்றால் மழைத்தண்ணீர்க் குழாய் தளத்தோடு சேர்கிற வாயில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. மொட்டை மாடியில் களிமண்ணால் சின்னச் சின்ன வரப்புக் கட்டுங்கள். நெல் வயலுக்கு வரப்புக் கட்டத் தெரியாதவர்களா நாம்? ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் தேக்கி, ஒருநாள் விட்டுவிட்டுக் கீழே வந்து பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பாத்தி. எந்தப் பாத்தி ஹாலில் சொட்டுகிறதோ, அங்கே உட்கார்ந்து தேடினால் போதும். அதுவரை அந்த ஃபேனின் லைனை அணைத்து வையுங்கள்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு என்று ஒரு தனிக் கோளாறு உண்டு. ஆனி, ஆடியில் குமுளிப் பக்கமிருந்து காற்றோடு வருகிற சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். மேற்குப் பார்த்த சுவரில் ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே பூச்சு விரிசல் விட்டிருந்தால் வேறு வழியே வேண்டாம், தண்ணீர் உள்ளே வந்துவிடும். சுவரில் ஓதம் காத்தவுடன் ஜனங்கள் மாடிக்குத்தான் ஓடுகிறார்கள். ஐப்பசி மழைக்கு வரும் ஓதமா, ஆடிச் சாரலுக்கு வரும் ஓதமா என்று காலண்டரில் குறித்து வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கொத்தனாருக்கு இது தெரியாது என்று சொல்லவில்லை. அவர் அரைமணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். வருஷம் முழுக்க அந்த வீட்டில் இருப்பவர் நீங்கள்.

தோட்டத்திலும் இதே கதைதான். தென்னை மரத்தடியில் நிறுத்திய காரின் கூரை, தண்ணீர்த் தொட்டி மூடி, கீழ்மட்டை எல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துக்கிடக்கும். “மரத்துக்கு கருப்பு நோய்ண்ணே” என்பார்கள். அந்தக் கறுப்பு ஒரு பூசணம். அது தின்பது இலையை இல்லை, மேல்மட்டையின் அடிப்புறத்தில் உட்கார்ந்து சாறு குடிக்கும் சுருள் வெள்ளை ஈ ஒழுகவிடும் இனிப்புத் திரவத்தை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட இந்த ஈ, தென்னை இருக்கும் இடமெல்லாம் பரவிவிட்டது. கறுப்பு கீழே, காரணம் மேலே.

உடனே விசைத்தெளிப்பானை எடுத்துக் கடுமையான மருந்தை அடிப்பதுதான் வழக்கம். அடித்தால் முதலில் சாவது எது தெரியுமா? என்கார்சியா என்ற மிகச் சின்னக் குளவி. அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. குளவி புகுந்த குஞ்சு கறுத்துப்போகும். ஒரு மட்டையை வெட்டி, கீற்றைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைச் சுருள்களுக்கு நடுவே கறுத்த புள்ளிகள் நிறைய இருந்தால் சந்தோஷப்படவேண்டியது. அந்தக் கீற்றுத் துண்டை மற்ற மரங்களில் செருகி வைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினால் பறக்கும் ஈ ஒட்டிக்கொள்ளும். மட்டையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சலாம். கரியைப் போக்க, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தால், அது காய்ந்து உரியும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழும். பல்கலைக்கழகம் சொல்லும் வைத்தியமே மளிகைக்கடைச் சாமான்தான். ஆனாலும் மருந்து டப்பாவைத் தேடுகிறோம்.

காண்டாமிருக வண்டும் அப்படியே. குருத்தைக் குடைவதைப் பார்க்கிறோம், கம்பி விட்டு எடுக்கிறோம். அது பிறப்பது நம்முடைய எருக்குழியில். குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்காமல் மரத்தில் மட்டும் வண்டு பிடித்துக்கொண்டிருந்தால் முடிவே வராது.

இப்போது செல்போனில் ஒரு நிமிஷ வீடியோக்கள் வருகின்றன. கல்லுப்பையும் வினிகரையும் சோப்புத் தண்ணீரில் கலந்து கோரைமேல் ஊற்றச் சொல்கிறார்கள். மறுநாள் தலை கருகிக் கிடப்பதைப் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். பதினைந்து நாள் கழித்து அதே இடத்தைக் காட்டமாட்டார்கள். கோரையின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். தலை கருகினால் அதற்கு ஒன்றும் இல்லை, மறுபடி முளைக்கும். ஊற்றிய உப்புதான் மண்ணில் தங்கி, அடுத்து நீங்கள் வைக்கும் கத்தரிக் கன்றைக் கொல்லும். கோரைக்கு ஆகாதது நிழல். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டப்பயறையோ சர்க்கரைவள்ளியையோ அடர்த்தியாகப் படரவிட்டால் இளைத்துப்போகும். இதற்கு ஒரு பருவம் ஆகும். வீடியோவில் ஒரு பருவம் அடங்காது.

சொந்தக் கைவேலை எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு நல்ல சாட்சி கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் காக்கும் பழைய மருந்து போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் தண்ணீரும்தான், தோட்டத்திலேயே கலந்துகொள்ளலாம். அது பிறந்த கதை வேடிக்கையானது. பிரான்சில் போர்டோ பக்கம், ரோட்டோரத் தோட்டக்காரர்கள் போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, பார்க்கவே அருவருப்பாக இருக்கட்டும் என்று துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து வைத்திருந்தார்கள். 1882-ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியே போனவர், மற்ற கொடிகளெல்லாம் நோயில் இலை உதிர்த்து நிற்க, ரோட்டோரத்துக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். கம்பம் ரோட்டோரத் தோட்டக்காரர்களுக்கு இந்தத் திருட்டுத் தொல்லையை விளக்கவேண்டியதில்லை.

துத்தம் நானும் விற்கிறேன். வாங்குகிறவர்களில் பலர் கலக்கும் முறையில் கோட்டை விடுகிறார்கள். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. வீட்டு எலுமிச்சைக்கோ மாதுளைக்கோ பத்து லிட்டர், நூறு நூறு கிராம். பாதித் தண்ணீரில் துத்தம், பாதியில் புதிதாகத் தாளித்த கல்சுண்ணாம்பு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டவேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ எடுங்கள், இரும்புச் சட்டி ஆகாது. கடைசியில் ஒரு அரிவாள் நுனியை அதில் கொஞ்சநேரம் வைத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் துத்தம் தனித்து நிற்கிறது, இலையைக் கருக்கிவிடும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். ஆய்வுக்கூடம் வேண்டாத, அரிவாளே சொல்லிவிடும் சோதனை இது. டப்பாவில் வரும் எந்த மருந்திலாவது இப்படி நீங்களே சரிபார்க்க முடிகிறதா?

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்பது வீண் வீறாப்பு. கரன்ட் வேலை, கேஸ் வேலை வேண்டாம். செப்டிக் டேங்குக்குள் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக்கூடாது, ஆளையும் இறக்கக்கூடாது. தோட்டத்திலும் நம் கைக்கு மீறியது வரும். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஏறி, வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணீர், கடைமருந்து என்று ஆளுக்கொன்றை அடித்தோம். வெள்ளை மாவு திரும்பத் திரும்ப வந்தது. அது மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி. அதன் எதிரி இங்கே இல்லாததுதான் காரணம். 2010-ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூர் ஆய்வு நிறுவனம் வரவழைத்து, வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாகத் தமிழ்நாட்டில் பரப்பியது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்த வேலையை எந்த வீட்டுக்காரரும் செய்திருக்க முடியாது. அப்போதும் நம் பங்குக்கு ஒன்று இருந்தது. குளவி விட்ட பிறகு மருந்து அடிக்காமல் சும்மா இருப்பது. அதுதான் பலருக்கு முடியவில்லை.

அரசாங்கத்திடம் கேட்க ஒன்று இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. இரண்டிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாலு தென்னை, ஒரு முருங்கை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண் ஒரு இலையைக் காட்டுவதற்காக பஸ் ஏறிப் போகமாட்டார். பக்கத்து மருந்துக்கடையில் கேட்பார், அங்கே ஏதோ ஒரு டப்பா கொடுப்பார்கள். தேனியிலும் கம்பத்திலும் உழவர் சந்தை நடக்கிறது. காய் வாங்க எப்படியும் ஜனம் வருகிறது. வாரத்தில் ஒரு காலை, ஒரு மேஜையும் ஒரு பூதக்கண்ணாடியும் விவரம் தெரிந்த ஒருவரும் அங்கே இருந்தால் போதும். இலையைத் திருப்பிப் பார்த்து, “இதுக்கு மருந்து வேண்டாம்மா” என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கவேண்டும்.

அப்படி ஒரு மேஜை வந்தால், நோய்பட்ட இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதே மரத்தின் நல்ல இலை ஒன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பாலித்தீன் கவரில் போட்டால் வேர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். இந்தப் பக்கத்தையே கிழித்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.