செயினை இறுக்காதீர்கள், தம்பிகளே

ரேஸ் பைக் தயார் செய்து கொடுப்பது என் தொழில். கடைக்கு வருகிற பையன்கள் சைலன்சருக்கு யோசிக்காமல் பணம் எடுப்பார்கள். செயின் என்றால் மட்டும், "இருக்கறதையே நல்லா டைட் பண்ணி விடுங்கண்ணே" என்பார்கள். அந்த 'நல்லா டைட்' மேல்தான் என் கோபமெல்லாம். தொய்ந்த செயினைப் பார்த்தால் எல்லோரும் பதறுகிறார்கள். விறைத்த செயினை யாரும் சந்தேகப்படுவதில்லை.

முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இழுபடும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பின்சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையில் விரலால் அழுத்திப் பார்த்துக் கச்சிதமாக வைத்தால், ஆள் ஏறி வளைவில் வண்டி அமுங்கும்போது செயின் கம்பியாக விறைக்கும். அதற்குமேல் ஷாக் வேலை செய்யாது. டயரின் பிடி போகும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் அடி வாங்கும். ஓட்டியவரோ இறங்கி வந்து ஷாக்கைத் திட்டுவார்.

நான் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அந்த மூன்றும் நேராகும்வரை ஸ்விங் ஆர்மைத் தூக்குவேன். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைத் தேடி, அங்கேயும் கொஞ்சம் ஆட்டம் விட்டு ஆக்ஸிலை முடுக்குவேன். பிறகு ஷாக்கை மாட்டி, ஸ்டாண்டில் எவ்வளவு தொய்வு வருகிறதென்று அளந்து, டேப்பில் எழுதி ஸ்விங் ஆர்மிலேயே ஒட்டிவிடுவேன். ஸ்ப்ராக்கெட் மாற்றினால் அந்த அளவு செல்லாது. கோவை செட்டிபாளையம் ட்ராக் சிறியது, அங்கே பின்னால் பல் கூட்டுவோம். இருங்காட்டுக்கோட்டையில் நேர்ப்பாதை நீளம், அங்கே குறைப்போம். 428 செயினில் இரண்டு பல் கூட்டினாலே ஆக்ஸில் சுமார் 6 மி.மீ. முன்னே வந்துவிடும்.

எந்தச் செயின் வாங்குவது என்பதற்கு இவ்வளவு மண்டையைக் குடைய வேண்டாம். 520 என்ற எண்ணில் 5 என்பது கண்ணிக்குக் கண்ணி தூரம், அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. 428-இல் அது அரை அங்குலம். ஓ-ரிங் செயினில் கிரீஸ் உள்ளேயே அடைபட்டிருக்கும், ஆனால் ரிங் உரசும். 150 சிசி வண்டிக்கு அந்த உரசலும் ஒரு செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ரிங் இல்லாத செயின் போடுகிறவர், ஒவ்வொரு முறை ட்ராக்கிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெயில் துடைத்து, சூடு ஆறுவதற்குள் உள்பக்கமாக எண்ணெய் விட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் ஓ-ரிங்கோடு இருக்கட்டும். செயின் லாக் போடும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் திருப்பி மாட்டிக்கொண்டு வருகிறார்கள்!

உள்ளே பின்னும் புஷ்ஷும் தேயத் தேயச் செயின் நீளும். 428-இல் 20 கண்ணி, பின்னுக்குப் பின் சரியாக 254 மி.மீ. இருக்க வேண்டும். ரேஸுக்கு 256.5-ஐத் தொட்டால் நான் கழற்றிவிடுவேன். ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்தேதான் மாற்றுவேன், பேரம் பேசினாலும்.

"என் வண்டி, என் செயின்" என்று ஒரு தம்பி வாதாடினார். வேகத்தில் அறுந்த செயின் இன்ஜின் கேஸை உடைத்தால் எண்ணெய் ட்ராக்கில் கொட்டும். அதில் வழுக்கி விழப்போவது பின்னால் வருகிறவர். ஆகவே ரேஸுக்கு முந்தைய சோதனையில் ஹெல்மெட்டைப் புரட்டிப் பார்க்கிற அதிகாரிகள், 20 கண்ணியையும் அளக்கட்டும். ஆளை ஏற்றி உட்காரவைத்துத் தொய்வையும் பார்க்கட்டும். ஒரு ஸ்கேல் போதும், வண்டிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அளவு தாண்டிய வண்டியை, யாருடையதானாலும், திருப்பி அனுப்பட்டும். நான் தயார் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.