நம் வீட்டு விளக்கும் அயலார் மேகமும்

தமிழ் மரபில் மேகம் கொடைக்கு உவமை. பெய்தபின் கைம்மாறு கேளாதது என்பதால்தான் புலவர்கள் வள்ளல்களை அதனோடு ஒப்பிட்டுப் பாடினார்கள். எங்கோ ஒரு குளிரூட்டப்பட்ட கூடத்தில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் அயலாரின் கணினிகளுக்குக் கணினித் துறையினர் அதே பெயரைச் சூட்டியபோது, அந்தப் பழைய நற்பெயரும் சேர்ந்தே வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்த மேகம் சந்தா கேட்கும். 2020 மே மாதத்தில் விங்க் என்ற அமெரிக்க நிறுவனம், அதுவரை சந்தா இல்லாமல் இயங்கிவந்த தன் வீட்டுக் கருவிகளுக்கு இனி மாதம் 4.99 டாலர் கட்டவேண்டும் என்றும், கட்டாதவர்கள் செயலியின் வழியே அவற்றை இயக்க முடியாது என்றும் ஒரு வார அவகாசத்தில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின் தேதி தள்ளிப்போனது, சந்தா போகவில்லை.

வீட்டைத் தானியக்கமாக்குவதில் நமக்கு விரோதம் ஏதும் இல்லை. வீட்டின் மூளையைக் கொண்டுபோய் வீட்டுக்கு வெளியே, இன்னொருவர் கையில் கொடுப்பதை எதிர்த்தே இந்தக் கட்டுரை. அந்த மூளை வீட்டுக்குள்ளேயே, புத்தக அலமாரியின் ஓரத்தில், உள்ளங்கையளவுக் கணினி ஒன்றில் இருக்க முடியும் என்பது பத்தாண்டுகளுக்கு மேலாக நிரூபிக்கப்பட்ட உண்மை. இருந்தும் பெரும்பாலோர் கடைக்காரர் காட்டிய பெட்டியை வாங்கி, கைப்பேசியில் செயலியை இறக்கி, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டு, தம் படுக்கையறை விளக்கை அணைக்கக் கடல் கடந்த ஒரு வழங்கியின் தயவை நாடுகிறார்கள்.

தயவு என்பது மிகையான சொல்லா? ரிவால்வ் என்றொரு கருவி இருந்தது. சுமார் 300 டாலர் விலை. வாழ்நாள் சேவை என்ற உறுதிமொழியும் உண்டு. 2014இல் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2016 மே 15 அன்று வழங்கிகள் நிறுத்தப்பட்டன. பழுதே இல்லாத கருவிகள், தொலைவில் ஒருவர் முடிவெடுத்த காரணத்தால், அன்றோடு வெறும் பெட்டிகளாயின. யாருடைய வாழ்நாள் என்று வாங்கியபோது எவரும் கேட்கவில்லை.

இன்ஸ்டியானின் கதை இதைவிடக் கொடிது, ஏனென்றால் அங்கே அறிவிப்புகூட இல்லை. 2022 ஏப்ரல் நடுவில் ஒரு நாள் அதன் வழங்கிகள் மௌனமாயின. பல ஆண்டுகளாகக் கட்டிவைத்த நேர அட்டவணைகள், மாலையில் தாமாக எரியும் விளக்குகள் எல்லாவற்றையும் ஆண்ட செயலி பதில் சொல்லவில்லை. நிறுவனமும் பல நாட்கள் வாய் திறக்கவில்லை. அதே இன்ஸ்டியான் கருவிகளை வீட்டுக்குள்ளேயே ஹோம் அசிஸ்டன்ட் போன்ற மென்பொருளோடு இணைத்து வைத்திருந்தவர்களுக்கோ, அந்த நாள் மற்றொரு நாளாகவே கழிந்தது. ஒரே விளக்கு, ஒரே சுவிட்ச். கட்டளை எங்கிருந்து புறப்பட்டது என்பது மட்டுமே வேறுபாடு. அந்த ஜூனில் பயனர் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி, சந்தாவோடு மீண்டும் உயிர்ப்பித்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. எல்லாக் கருவிக்கும் அப்படி மீட்பர்கள் வாய்ப்பதில்லை.

திவாலாகும் நிறுவனம்தான் ஆபத்து, பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்போர் சேம்பர்லெய்னை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் கார் கொட்டில் கதவுகளை இயக்கும் இயந்திரங்களை விற்பதில் பெரும் பெயர் அது. 2023 இலையுதிர் காலத்தில், தன் அனுமதி பெறாத மென்பொருள்கள் தன் வழங்கியோடு பேசுவதை அது தடுத்துவிட்டது. விளைவாக அந்த ஆண்டு டிசம்பர் வெளியீட்டில் ஹோம் அசிஸ்டன்ட் அந்த இணைப்பையே நீக்க நேர்ந்தது. கதவு வீட்டுக்காரருடையது, இயந்திரத்துக்கு விலை கொடுத்தவரும் அவரே; ஆனால் அதை எந்த மென்பொருளால் திறப்பது என்று தீர்மானிப்பவர் விற்றவர். சலித்துப்போன ஆர்வலர்கள் இயந்திரத்தின் கம்பி முனைகளில் நேரே ஒரு சிறு மின்பலகையைப் பொருத்தி, வழங்கியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தன் வீட்டுக் கதவைத் திறக்கத் திருடனைப் போல யோசிக்கவேண்டி வந்ததை எந்த அங்கத எழுத்தாளரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

மாற்று என்ன என்பதற்கு வருவோம். 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி 35 டாலர் விலையில் வெளிவந்தது. கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு நிரலெழுதிய அனுபவம் குறைந்துகொண்டே வருகிறதே என்ற எபன் அப்டன் போன்றோரின் கவலையில் பிறந்த பொருள் அது. வீட்டு விளக்குகள் அவர்கள் மனத்தில் இருந்திருக்காது. அடுத்த ஆண்டு, 2013இல், பௌலஸ் ஸ்கௌட்சன் என்ற டச்சு நிரலாளர் தம் வீட்டு ஹ்யூ விளக்குகளைப் பைத்தான் மொழியில் இயக்கிப் பார்க்கத் தொடங்கினார். அதுவே ஹோம் அசிஸ்டன்ட். இந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டடைந்தது இயல்பானது: இரவும் பகலும் அணையாமல் ஓடவேண்டிய ஒரு நிரலுக்கு, மின்சாரம் அதிகம் குடிக்காத ஒரு கணினி. 4 வாட் என்று கணக்கிட்டால் ஓராண்டு முழுதும் ஓடினாலும் 35 யூனிட்தான்.

இங்கே நம் பக்கத்துக்காரர்களோடும் ஒரு சண்டை போட்டாக வேண்டும். ‘அரை மணி நேரத்தில் அறிவார்ந்த வீடு’ என்று தலைப்பிட்டு வரும் வழிகாட்டிகளைச் சொல்கிறோம். கணினியில் இமேஜர் என்ற நிரலை நிறுவி, ஹோம் அசிஸ்டன்டின் இயங்குதளத்தை மெமரி கார்டில் எழுதி, பலகையில் செருகி, ரூட்டரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, மின்சாரம் கொடுத்து, உலாவியில் 8123 என்ற வாயில் எண்ணோடு முகவரியைத் தட்டினால் வரவேற்புப் பக்கம் வந்துவிடும். அரை மணி நேரம் என்பது உண்மை. அதோடு வேலை முடிந்தது என்பது பொய்.

அந்த மெமரி கார்டு புகைப்படக் கருவிக்காகச் செய்யப்பட்டது. ஹோம் அசிஸ்டன்டோ வீட்டில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், கதவு திறந்ததையும் வெப்பம் அரை டிகிரி ஏறியதையும், சில விநாடிகளுக்கு ஒருமுறை தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதி எழுதியே கார்டு தேயும். பின்னொரு நாள் மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போது பலகை விழிக்காது. தேவையற்ற பதிவுகளை நிறுத்துவதும், முடிந்தால் எஸ்எஸ்டி வட்டிலிருந்து இயக்குவதும், காப்புப் பிரதியை அதே கார்டில் வைக்காமல் வேறொரு கணினிக்கு அனுப்புவதும் பிறகு செய்யலாம் என்று தள்ளிவைக்கும் வேலைகள் அல்ல. பழைய கைப்பேசி சார்ஜரைக் கொண்டு பலகையை இயக்குவதும் அப்படியே: பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும், பை 5க்கு 5 ஆம்பியர். குறைந்தால் வரும் கோளாறுகள் மென்பொருள் கோளாறு போலவே வேடமிட்டு வரும், மாதக்கணக்கில் தேட வைக்கும். ஜிக்பீ அலைவாங்கியை யுஎஸ்பி 3 துளையில் நேரே செருகினால் விளக்குகள் விட்டுவிட்டுப் பதிலளிப்பதும் மாயமல்ல. அந்தத் துளை 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பில் இரைச்சல் எழுப்புகிறது. ஒரு சாதாரண நீட்டிப்புக் கம்பி தீர்வு. இவற்றையெல்லாம் மறைத்து எளிமை என்ற ஒன்றை விற்பது, நாம் எதிர்க்கும் கடைக்காரர்களின் அதே பழக்கம்.

மறைக்கப்படுவதில் மிகப் பெரியது வேறொன்று. பலகை வீட்டில் இருப்பதாலேயே கட்டுப்பாடு வீட்டில் இருப்பதாக ஆகாது. வைஃபையில் ஏறி உற்பத்தியாளரின் வழங்கியோடு மட்டுமே பேசத் தெரிந்த மலிவான பல்பை ஹோம் அசிஸ்டன்டில் சேர்த்தால், நம் கட்டளை பலகையிலிருந்து கிளம்பி, கண்டம் தாண்டிப் போய், திரும்பி வந்து, இரண்டடி தள்ளியிருக்கும் பல்பை எரியவைக்கும். பழைய ஏற்பாட்டுக்குப் புதுத் திரைச்சீலை. ஹோம் அசிஸ்டன்டின் ஆவணங்கள் ஒவ்வோர் இணைப்பும் உள்ளூரில் பேசுவதா, மேகத்தின் வழியே பேசுவதா என்று வெளிப்படையாக வகைப்படுத்திச் சொல்கின்றன. வாங்கும்முன் அந்த ஒரு வரியைப் படிப்பவர் மிகச் சிலர். ஜிக்பீ, இசட்-வேவ், 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் ஆகியவை வீட்டுக்குள்ளேயே பேசி முடிப்பவை.

வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு, ரூட்டரில் 8123ஐ உலகுக்கே திறந்துவிடச் சொல்லும் அறிவுரையையும் கண்டிருக்கிறோம். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றிப் படையாகத் திரட்டி, அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தைத் தாக்கி, பெருந்தளங்கள் பலவற்றை முடக்கியது. அதற்குப் பிறகும் இப்படிச் சொல்லித்தருவது குற்றம் என்றே நினைக்கிறோம். விபிஎன் வழியாக வருவதே முறை.

இனி மறுப்புகள். எழுந்து போய் சுவிட்சைப் போட்டால் என்ன, இதற்கெல்லாம் ஒரு கணினியா என்ற கேள்வி இலக்கிய நண்பர்களிடமிருந்து தவறாமல் வரும். உடல் நலத்தோடு எழுந்து போக முடிந்தவரின் கேள்வி அது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் இயங்காதவருக்கு, பார்வை மங்கியவருக்கு, நினைவு தப்பி நள்ளிரவில் வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிடும் பெரியவரோடு வாழ்பவருக்கு, கதவின் சிறு உணரியும் தானாக எரியும் வழிவிளக்கும் ஆடம்பரம் அல்ல. அவர்களுக்குத்தான் மேகத்தின் தயவு மிகவும் ஆபத்தானது. வழங்கி மௌனமான இரவில் நம்மில் பலர் முணுமுணுத்தபடி எழுந்து சுவிட்சைத் தட்டுவோம். அவர்களால் அது ஆகாது.

நம் வீட்டு விளக்கு எப்போது எரிகிறது என்பதில் எந்த நிறுவனத்துக்கு என்ன ஆர்வம் என்பது அடுத்தது. எப்போது உறங்குகிறோம், எப்போது வீடு காலியாக இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர் என்பதை ஒரு மாத விளக்குக் குறிப்பிலிருந்து எவரும் வாசித்துவிடலாம். குரல் இன்னும் நெருக்கமானது. எக்கோ கருவிகள் சிலவற்றில், பேச்சைக் கருவியிலேயே புரிந்துகொண்டு ஒலிப்பதிவை அனுப்பாதிருக்கும் தெரிவு ஒன்று இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அமேசான் அதை நீக்கிவிட்டது. விற்றபின் விதியை மாற்றும் உரிமை விற்றவரிடமே தங்கிவிடுகிறது. அகம் என்ற ஒரே சொல்லால் வீட்டையும் மனத்தையும் காதல் வாழ்வையும் சுட்டிய மொழி நம்முடையது. அதில் எழுதுவோர் இதைத் தொழில்நுட்பர்களின் சச்சரவு என்று ஒதுக்குவதுதான் நமக்குப் புரியவில்லை.

கட்டற்ற மென்பொருளும் ஒருநாள் கைவிடாதா என்று கேட்பவர்களுக்கு: கைவிடும். 32-பிட் கணினிகளுக்கும், நிறுவும் முறைகளில் இரண்டுக்கும் ஆதரவு முடிகிறது என்று 2025 மே மாதத்தில் ஹோம் அசிஸ்டன்ட் அறிவித்தது. பழைய பலகைகள் சில அதோடு புதிய வெளியீடுகளை இழந்தன. வருத்தந்தான். ஆனால் கைவிடுதல் வேறு, அணைத்தல் வேறு. அந்தப் பழைய பலகையில் நேற்றைய பதிப்பு நேற்றுப் போலவே ஓடும். புதியது வேண்டும் என்பவர் பாதுகாப்புக் கருதி மாறிக்கொள்ளலாம், அதுவும் அரை ஆண்டுக்கு மேற்பட்ட அவகாசத்தோடு. மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. 2024இல் இந்தத் திட்டம் சுவிட்சர்லாந்தில் அமைந்த ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் வைக்கப்பட்டதன் நோக்கமே, அதை எவரும் விலைக்கு வாங்கி மூடிவிடக் கூடாது என்பதுதான். ரிவால்வை வாங்கியது போல இதை வாங்க வழியில்லை.

நேரம் தின்னும் வேலை என்பதை மறுக்கமாட்டோம். யாமல் கோப்பில் ஓர் இடைவெளி பிசகினால் தானியக்க விதி வேலை செய்யாது. யாப்பிலக்கணக்காரர்களுக்கு வேண்டுமானால் இது பிடிக்கலாம். எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சுவர் சுவிட்சுகள் அப்படியே இருக்கட்டும், பலகை செத்தாலும் கையால் தட்டி விளக்கெரிய வேண்டும். முதலில் ஒரு மாலைப்பொழுதில் ரூட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, வீட்டிலுள்ள விளக்குகளையும் கதவுகளையும் ஒவ்வொன்றாகச் செயலியில் தொட்டுப் பார்க்கட்டும். எவையெல்லாம் அசையவில்லையோ அவற்றை ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த முறை கடைக்குப் போகட்டும்.