மாத்திரை பிச்சையன்று, உரிமை!



"தருமாஸ்பத்திரி" என்றொரு சொல் நம் நாட்டிலே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தருமமாம்! யார் செய்த தருமம்? தீப்பெட்டி வாங்கினும் வரி, வேட்டி வாங்கினும் வரி எனச் செலுத்துபவன் உழவன். அந்தப் பணத்தில் வாங்கிய மாத்திரையை அவன் கையிலே கொடுத்துவிட்டு, அதற்குத் தருமமென்று பெயரும் சூட்டுவதா?

பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று 1946ஆம் ஆண்டிலேயே போர் குழு அறிக்கை தந்தது. சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவு. கட்டடம் எழுந்தது, மருத்துவர் வந்தார். மருந்து?

அதற்கு விடையாக 1994இல் பிறந்ததே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் ஒரே கொள்முதல், வணிகப் பெயரை ஒதுக்கி மருந்தின் மூலப்பெயரில் ஒப்பந்தம், மாவட்டந்தோறும் கிடங்கு, ஆய்வகச் சோதனையில் தேறிய பின்னரே விநியோகம். 2011இல் இராஜஸ்தானமும் இவ்வழியைப் பின்பற்றியது. "சர்க்கார் மாத்திரையில் வீரியமில்லை" என்போர் இதனை அறிந்து பேசட்டும். மினுமினுக்கும் உறைக்கும் விளம்பரத்திற்கும் கொடுக்கும் விலை நோயைத் தீர்ப்பதில்லை!

ஆயினும், பெருமை பேசி அமர்ந்திருக்க நேரமில்லை. நோயின் முகம் மாறிவிட்டது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சில நாள் விருந்தாளிகள். நீரிழிவும் இரத்தக் கொதிப்போ வீட்டோடு தங்கிவிடுபவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்நோயாளரின் வாசலுக்கே மருந்தைக் கொண்டு சென்றது. கண்டறியப்படுவோர் தொகை பெருகப் பெருக, நிலையத்துக்கு ஒதுக்கும் மருந்தும் பெருக வேண்டாமா? "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற மூன்று சொற்கள், கூலிக்காரிக்கு ஒரு நாள் ஊதியத்தைப் பறிக்கின்றன. இருமுறை திரும்பியவள் மூன்றாம் முறை வருவதில்லை. மாத்திரை நிற்கிறது, சர்க்கரை ஏறுகிறது, காலிற்பட்ட சிறுபுண் காலையே கேட்கிறது!

இன்னொன்று காண்மின்! வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவு அமைத்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, முறிமருந்து செய்ய உதவுவோர் இருளர் மக்கள். அவர்தம் உழைப்பில் விளையும் அம்மருந்து, நள்ளிரவில் வயலோரத்தில் கடியுண்டவனுக்கு அருகிலுள்ள நிலையத்தில் இல்லையெனில், அதைவிடக் கொடுமை எது?

ஆதலின், தோழர்களே, நம் கடமை தெளிவு. உங்கள் ஊர் நிலையத்திற்குச் செல்லுங்கள். மருந்தாளுநரோடு மல்லுக்கு நிற்க வேண்டா, அவரும் நம்மைப் போல் உழைப்பவரே. எம்மருந்து, எத்தனை நாள் இல்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பைக் கிராம சபையிலே தீர்மானமாக்குங்கள். ஆட்சியில் இருப்பவர் நம்மவராயினும் மாற்றாராயினும் தீர்மானத்தின் வாசகம் மாறலாகாது!

தருமம் கேட்பவன் கைகூப்பி நிற்பான். உரிமை கேட்பவன் கணக்கோடு நிற்பான். கணக்கோடு நில்லுங்கள்!