பெயர் கேட்கும் நிரல்கள்

வேலைக்கோ கல்லூரிக்கோ ஒரு விண்ணப்பப் படிவம். 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் ஓர் உலாவியில் போகிறது. இன்னொன்றில் சலனமே இல்லை. நிரலர் உடனே உலாவியின் பெயரை விசாரித்து, பெயருக்கொரு நிரல் எழுதுகிறார். இது தவறான வழி என்பதே என் கட்சி.

1997இல் நெட்ஸ்கேப் 4 'டாக்குமெண்ட்.லேயர்ஸ்' என்றது, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 'டாக்குமெண்ட்.ஆல்' என்றது. 1998இல் டபிள்யூ3சி 'கெட்எலிமெண்ட்பைஐடி' என்று பொதுவழி வகுத்தது. அதன் பிறகும் எக்ஸ்புளோரர், ஏழாம் பதிப்பு வரை, 'ஐடி'யைக் கேட்டால் 'நேம்' பொருந்திய பெட்டியையும் எடுத்து நீட்டியது. பிழை பெயரில் இல்லை, நடத்தையில் இருக்கிறது.

பெயரையும் நம்புவதற்கில்லை. எக்ஸ்புளோரர் தன்னை 'மொஸில்லா' என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. இன்றைய குரோமும் அப்படியே. வேண்டிய வசதி இருக்கிறதா என்று சோதிப்பதே முறை.

எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் 'டாக்குமெண்ட்.ஆல்' இருந்தாலே எக்ஸ்புளோரர்தான் என்று முடிவுகட்டிய பழைய நிரல்களுக்காக, அது இருந்தும் 'இல்லை' என்றே பதில் வரவேண்டுமென ஹெச்டிஎம்எல் தரம் இன்றும் விதிக்கிறது. நிரலரின் அவசரத்துக்குத் தரமே பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

எந்த உலாவியில் வந்தார் என்பதற்காக ஒருவரின் விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடலாகாது.